கமர்ஷியல் ஃப்ளோரிங் நிறுவனத்தை விற்கும் முன் மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி. அலுவலகங்களுக்குக் கார்பெட் டைல், மருத்துவமனைகளுக்கு வினைல், தொழிற்சாலைகளுக்கு எபாக்ஸி ரெசின் பூச்சு, கிடங்குகளுக்கு டிரிமிக்ஸ் (அதிகத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து இறுக்கிய கான்கிரீட்) தளம் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியவர்கள் பலர் இப்போது தொழிலைக் கைமாற்ற நினைக்கிறார்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சைட்டுக்கு அலைய உடம்பு ஒத்துழைக்கவில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் சிறிய, நடுத்தர ஒப்பந்த நிறுவனங்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. உதாரணக் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை.

வருட டர்னோவர் 8 கோடி. அதையே விலையாகக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது.

இந்தத் தொழிலில் டர்னோவரின் பெரும்பகுதி பொருள் விலை. கார்பெட் டைல் வாங்கிப் போட்டுக்கொடுக்கும் வேலையில் பில் தொகையில் பாதிக்கு மேல் உற்பத்தியாளருக்கே போய்விடும். அதே 8 கோடியை, ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் பழைய எபாக்ஸியைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசிச் சம்பாதிப்பவரின் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அங்கே கூலியும் திறமையும் அதிகம், லாப விகிதமும் பெரும்பாலும் அதிகம். இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க எந்த வாங்குபவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம், சிலர் சொல்லும் டர்னோவரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். அது அரசாங்கத்தின் பணம். முதலில் அதைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

அப்படியென்றால் எதை வைத்து விலை போடுவது?

நீங்கள் வெளியே போன பிறகு அந்த நிறுவனம் வருடத்துக்கு எவ்வளவு லாபம் தரும் என்பதை வைத்து. ஆடிட்டர் போட்டுக்கொடுத்த லாப நஷ்டக் கணக்கில் இந்த எண் நேரடியாக இருக்காது. அதைத் திருத்தி எடுக்க வேண்டும்.

அம்பத்தூரில் சொந்த குடோனில் நடக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே முதலாளி, அதாவது புரோப்ரைட்டர்ஷிப். ஜிஎஸ்டி இல்லாமல் டர்னோவர் 8 கோடி. கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 42 லட்சம். வங்கி வட்டி 14 லட்சம், தேய்மானம் 9 லட்சம். இவற்றைத் திரும்பச் சேர்த்தால் 65 லட்சம். முதலாளிக்கு இந்த எண் ரொம்பப் பிடிக்கும்.

இப்போது திருத்தங்கள். முதலாளி தனக்கென்று சம்பளம் எழுதிக்கொள்வதில்லை. ஆனால் கொட்டேஷன் போடுவது, ஆர்க்கிடெக்ட்டைப் பார்ப்பது, பணம் வசூலிப்பது எல்லாம் அவர்தான். அந்த வேலைக்கு ஒரு மேலாளரை வைத்தால் வருடம் 18 லட்சம் ஆகும். கழித்தால் 47 லட்சம். மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் எழுதிய சம்பளம் 9.6 லட்சம். இருவரும் அலுவலகம் பக்கம் வருவதில்லை, எனவே அதைச் சேர்க்கலாம். வீட்டுக் காரின் செலவு 3.4 லட்சத்தையும் சேர்த்தால் 60 லட்சம். குடோன் சொந்தம் என்பதால் வாடகை போடவில்லை. வாங்குபவருக்கு வாடகை உண்டு, வருடம் 12 லட்சம். மிச்சம் 48. அந்த வருடம் ஒரு டேட்டா சென்டரில் பெரிய வேலை ஒன்று வந்தது, அதில் மட்டும் 11 லட்சம் லாபம். அடுத்த வருடம் அப்படி ஒன்று வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதையும் எடுத்துவிட்டால் 37 லட்சம்.

65 எங்கே, 37 எங்கே! விலைப் பேச்சு முறிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். முதலாளி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வருகிறார், எதிர்த்தரப்பின் ஆடிட்டர் இன்னொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன வருடம் 7 லட்சம் வராக்கடன் தள்ளுபடி செய்தோம். ஒரு தடவைச் செலவுதானே, அதை லாபத்தில் திரும்பச் சேர்க்கலாமா?

மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் 4 லட்சம், 6 லட்சம் என்று ஏதாவது போயிருந்தால் அது ஒரு தடவைச் செலவு அல்ல, இந்தத் தொழிலின் இயல்பான செலவு. குடோனில் தீப்பிடித்தது, நிலத்தகராறில் வக்கீலுக்குக் கொடுத்தது போன்றவைதான் உண்மையிலேயே ஒரு தடவைச் செலவுகள். சந்தேகம் வந்தால் சேர்க்காமல் விடுவதே நல்லது. சில்லறைத் திருத்தம் ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாத் திருத்தத்தின் மேலும் வாங்குபவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அந்த 37 லட்சத்தை எத்தனையால் பெருக்குவது?

மடங்கு என்பது வாங்குபவர் போட்ட பணத்தை எத்தனை வருடத்தில் திரும்ப எடுக்க நினைக்கிறார் என்பதுதான். மூன்று வருடம் என்றால் 1.11 கோடி. நான்கு என்றால் 1.48 கோடி. எல்லாம் முதலாளியின் கைபேசியில் ஓடுகிறது என்று தெரிந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் கொடுக்கத் தயங்குவார்.

மடங்கை ஏற்றுவது எது? திரும்பத் திரும்ப வரும் வேலை. மருத்துவமனைகள் வார்டு வார்டாக வினைலை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆலைகள் ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் லைனை நிறுத்தித் தளத்தைப் பழுது பார்க்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு நிலைமின்சாரம் தேங்காத தளம் போடத் தெரிந்தவர்கள் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வேலைக்குத் தனி மதிப்பு உண்டு.

இறக்குவது? வருமானத்தில் பாதி ஒரே இன்டீரியர் நிறுவனத்திடமிருந்து, அதிலும் அங்கே இருக்கும் ஒரே புராஜெக்ட் மேனேஜரின் நட்பால் வருவது. அவர் வேலை மாறினால் உங்கள் ஆர்டர் புத்தகமும் மாறிவிடும். புதிய அலுவலக வேலையை மட்டுமே நம்பியிருப்பதும் ஒரு பலவீனம்தான். 2020-இல் பொதுமுடக்கத்தில் அலுவலகங்கள் காலியானபோது அதை மட்டும் நம்பியவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது வாங்குபவருக்கும் நினைவிருக்கும்.

கணக்கில் காட்டாத வருமானமும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு விலை கேட்க முடியாதா?

முடியாது. வாங்குபவரின் ஆடிட்டர் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: உங்கள் லெட்ஜர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வாடிக்கையாளர்கள் பிடித்த டிடிஎஸ் தெரியும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கை. இந்த மூன்றிலும் இல்லாத பணத்துக்கு விலை இல்லை. போதாததற்கு, அதைப் பற்றி வாயைத் திறந்தால் இன்னும் என்ன மறைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும்.

வர வேண்டிய பணம் 2.6 கோடி நிற்கிறது. அது விலையில் சேருமா?

சேரும், ஆனால் முழுதாக அல்ல. என் பார்வையில் ஃப்ளோரிங் நிறுவனத்தின் மதிப்பில் பாதிச் சண்டை இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ரிடென்ஷன். பில்லில் 5 சதவீதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, குறை சரிசெய்யும் காலம் என்று ஒரு வருடம் கழித்துத் தருவது இந்தத் தொழிலில் பழகிப்போன ஏற்பாடு. சில இடங்களில் 10 சதவீதமும் பிடிப்பார்கள். நம் உதாரண நிறுவனத்துக்கு 8 கோடியில் 5 சதவீதம் 40 லட்சம். எந்த நேரத்திலும் அவ்வளவு பணம் வெளியே நிற்கும். திருத்திய வருட லாபமே 37 லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு முழு வருட உழைப்பு அடுத்தவர் வங்கிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

இதை வாங்குபவர் தலையில் முழு விலைக்குக் கட்ட முயல வேண்டாம். யார் சைட்டில் என்ன குறை சொல்லிப் பணத்தை நிறுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கழிவு கேட்பார். பழைய ரிடென்ஷனை நீங்களே வசூலித்துக்கொள்வதாக ஒப்பந்தம் எழுதலாம். அல்லது அவர் வசூலித்து வரவர உங்களுக்கு அனுப்புவதாக எழுதலாம். இந்த இரண்டுதான் நடைமுறையில் சண்டை குறைந்தவை.

அடுத்து, பழைய பாக்கி. பில்களை வயதுவாரியாகப் பிரியுங்கள். 90 நாளுக்குள் உள்ளவை பிரச்சினை இல்லை. 180 நாள் தாண்டியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதிவையுங்கள். மூன்று வருடத்தைத் தொடப்போகும் பாக்கிகளுக்கு உடனே வாடிக்கையாளரிடம் நிலுவை உறுதிக் கடிதம் வாங்குங்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்கான அந்த மூன்று வருடக் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். கெடு முடிந்த பிறகு வாங்கிய கடிதத்துக்கு அந்தப் பலன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லாபத்தின் மடங்காகப் பேசும் விலையில், தொழில் ஓடத் தேவையான சாதாரண நடைமுறை மூலதனம் (சரக்கு, வர வேண்டிய பணம் இவற்றிலிருந்து சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்தது) சேர்ந்தே இருக்கும். கடைசி மாதத்தில் சப்ளையருக்குக் கொடுக்காமல் இழுத்தடித்து, வசூலை மட்டும் முடித்து, பணத்தை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. பன்னிரண்டு மாதச் சராசரியோடு ஒப்பிட்டு, குறையும் தொகையை விலையிலிருந்து கழித்துவிடுவார்கள்.

பாதியில் நிற்கும் வேலைகளை எப்படிக் கணக்கில் எடுப்பது?

ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு வரி: ஒப்பந்தத் தொகை, இதுவரை செலவு, முடிக்க இன்னும் ஆகும் செலவு, அளவெடுத்து ஒப்புதல் வாங்கிய பில், ஒப்புதல் வாங்காத வேலை. பொருளை இறக்கியதும் பெரிய பில் போட்டுவிட்டு, போடும் வேலையைப் பிறகு செய்வது நம்மவர்களின் வழக்கம். அந்தப் பணம் லாபமாகத் தெரியும், ஆனால் கூலிச் செலவு முழுவதும் வாங்குபவரின் காலத்தில் வரும். அதை அவர் கடனாகத்தான் பார்ப்பார். வேலை தொடங்க வாங்கிய மொபிலைசேஷன் அட்வான்ஸும் அப்படியே.

நஷ்டத்தில் முடியப்போகும் சைட் ஒன்று இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எப்படியும் தெரிந்துவிடும்.

மிஷின்கள், குடோன் சரக்கு?

ஷாட் பிளாஸ்டிங் மிஷின், கிரைண்டர், பவர் ட்ரோவல், வினைல் வெல்டிங் துப்பாக்கி எல்லாம் லாபத்தை உண்டாக்கும் கருவிகள். லாபத்துக்கு மடங்கு போட்டுவிட்டு, மிஷினுக்குத் தனியாக விலை கேட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு விலை ஆகிவிடும். லாபமே இல்லாத நிறுவனத்தை மட்டும் சொத்துக் கணக்கில் விற்பார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த மிஷின்களில் எத்தனை உண்மையில் ஓடுகின்றன என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரக்கில்தான் பெரிய ஏமாற்றம். முடிந்த வேலைகளில் மிஞ்சிய கார்பெட் டைல் பெட்டிகள், வினைல் ரோல் துண்டுகள் புத்தகத்தில் வாங்கிய விலைக்கே நிற்கும். ஒரே டிசைனாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒட்டாது, அடுத்த வேலைக்கு ஆகாது. எபாக்ஸி ரெசினுக்கும் ஹார்டனருக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒரு பேச்சும் தொடங்குவதற்கு முன் குடோனைக் காலி செய்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, நஷ்டத்தை எழுதிவிடுங்கள். வாங்குபவர் பார்வையிட வரும்போது தூசு படிந்த பெட்டிகள் இல்லாமல் இருப்பதே ஒரு லாபம்.

கொடுத்த வாரண்டிகள் யார் பொறுப்பு?

எழுதாவிட்டால் தகராறு. கான்கிரீட் முழுதாகக் காயும் முன், ஈரப்பதம் அளக்காமல், கட்டடம் திறக்கும் தேதிக்காக அவசரப்பட்டு எபாக்ஸி பூசிய தளங்கள் பிறகு கொப்புளிக்கும், உரியும். வினைலின் ஓரங்கள் எழும். எந்தெந்த சைட்டுக்கு எத்தனை வருட வாரண்டி, ஈரப்பத அளவீட்டுத் தாள் இருக்கிறதா, பொருளுக்கான வாரண்டி உற்பத்தியாளருடையதா என்று ஒரு பட்டியல் போடுங்கள். கடந்த மூன்று வருடத்தில் மறுவேலைக்குச் செலவான தொகையையும் எழுதுங்கள். அந்தப் பட்டியல் இருந்தால் கழிவு ஒரு நியாயமான தொகையில் நிற்கும். இல்லையென்றால் வாங்குபவர் தன் பயத்துக்கு விலை போடுவார்.

நிறுவனம் என் பெயரில் புரோப்ரைட்டர்ஷிப்பாக இருக்கிறது. விலை குறையுமா?

குறையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பான் எண் உங்களுடையது. ஜிஎஸ்டி பதிவு, உத்யம் பதிவு, பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர் பட்டியலில் உங்களுக்குக் கொடுத்த வெண்டர் கோடு எல்லாம் அதோடு கட்டப்பட்டவை. வாங்குபவர் புதிய பதிவில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். வொர்க் ஆர்டர்களில், வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை சாதாரணமாக இருக்கும். டீலர்ஷிப்பும் உற்பத்தியாளர் சம்மதித்தால்தான் மாறும்.

பிரைவேட் லிமிடெட் என்றால் பங்குகளை விற்றால் போதும். வெண்டர் கோடும் வேலை முடித்த சான்றிதழ்களும் கம்பெனியிலேயே இருக்கும். ஆனால் பழைய பொறுப்புகளும் அங்கேயே இருக்கும் என்பதால் ஆய்வு கடுமையாக நடக்கும். வங்கிக்கு நீங்கள் கொடுத்த தனிப்பட்ட ஜாமீனை விடுவித்து எழுத்தில் வாங்காமல் பங்கைக் கைமாற்றாதீர்கள்.

சரி, விற்பதற்கு முந்தைய மாதம் கம்பெனியாக மாற்றிவிட்டால்? வரி இல்லாமல் மாற்ற வேண்டுமானால், புதிய கம்பெனியில் குறைந்தது 50 சதவீத வாக்குரிமை ஐந்து வருடம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47(14) பிரிவு. அதனால் இது கடைசி நேரத் தந்திரமாக உதவாது.

விற்ற தொகைக்கு எவ்வளவு வரி?

தொழிலை மொத்தமாக, ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போடாமல் ஒரே தொகைக்கு விற்பதை ஸ்லம்ப் சேல் என்பார்கள். விலையிலிருந்து நிறுவனத்தின் நிகர மதிப்பைக் கழித்தால் வருவது மூலதன ஆதாயம். நீங்களாக உருவாக்கிய நற்பெயருக்கு (குட்வில்) நிகர மதிப்பில் பூஜ்யம்தான். தொழில் 36 மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்தால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளுக்கு 12.5 சதவீதம், அதோடு சர்சார்ஜும் செஸ்ஸும். நீங்கள் எழுதிய விலை நியாயச் சந்தை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் அந்த மதிப்பே விலையாகக் கொள்ளப்படும். கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம் என்ற பழைய வழிக்கு இங்கே இடமில்லை.

பட்டியலிடப்படாத பங்குகளுக்கு 24 மாதம்தான் எல்லை, விகிதம் அதே 12.5. ஓடும் தொழிலை அப்படியே மாற்றுவதற்கு ஜிஎஸ்டி இல்லை. மிஷின் மிஷினாக விற்றால் உண்டு. பயன்படுத்தாத உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தில் மாற்றலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அமல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. கையெழுத்துக்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வரி பாக்கிக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆவது பிரிவுப்படி, தொழிலை வாங்கியவர் மாற்றத்துக்கு முந்தைய ஜிஎஸ்டி பாக்கிக்கும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கிகளும் இப்படித் தொடரும். லேபர் கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தவர்கள், அந்தக் கான்ட்ராக்டர் பி.எஃப். கட்டியதற்கான சலான்களைத் தேடி எடுத்துவையுங்கள். அது இல்லாமல் விலையில் ஒரு பகுதியை வருடக்கணக்கில் பிடித்துவைக்கக் கேட்பார்கள். ஐந்து வருடம் தாண்டிய ஊழியர்களின் கிராஜுவிட்டியும் கணக்கில் வர வேண்டும். பல சிறிய நிறுவனங்களின் புத்தகத்தில் அதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

வேலைக்காரர்கள் என்னோடு பதினைந்து வருடமாக இருக்கிறார்கள். அதற்கு மதிப்பு உண்டா?

அவர்கள் தங்கினால் உண்டு. மருத்துவமனை வினைலைச் சுவரோரம் வளைத்து ஏற்றி, இணைப்பைச் சூடாக வெல்ட் செய்யத் தெரிந்த இரண்டு பேர், எபாக்ஸி கலவையைக் காலம் தவறாமல் பரப்பத் தெரிந்த மேஸ்திரி, வரைபடத்தைப் பார்த்து அளவெடுத்துக் கொட்டேஷன் போடும் ஒருவர் இருந்தால், வாங்குபவர் விலை பேசும்போது முதலில் விசாரிப்பது அவர்களைத்தான். அந்தக் கடைசி ஆள் நீங்களாகவே இருந்தால், விற்பதற்கு இரண்டு வருடம் முன்பே வேறொருவரைப் பழக்குங்கள். 18 லட்சம் கழித்தோமே, அந்த மேலாளரை இப்போதே வைத்து, அவர் கையாலேயே ஒரு வருடம் ஓட்டிக் காட்டினால் திருத்திய லாபம் அதே இருக்கும், மடங்கு ஏறும்.

விற்ற பிறகு வேறு பெயரில் அதே தொழில் செய்யலாமா?

வாங்குபவர் விடமாட்டார். பொதுவாக, தொழில் செய்யத் தடை போடும் ஒப்பந்தங்கள் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் செல்லாது. ஆனால் நற்பெயரோடு தொழிலை விற்றவருக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் நியாயமான தடை போடுவது அதே பிரிவில் விதிவிலக்கு. எல்லையைச் சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்கள் என்பது போலத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக ஒரு தொகை எழுதினால் அது தொழில் வருமானமாக உங்கள் வரி விகிதத்தில் போகக்கூடும். பிரித்து எழுதும் முன் கணக்குப் பாருங்கள்.

முழுப் பணமும் ஒரே நாளில் கைக்கு வருமா?

அரிது. 60, 70 சதவீதம் முதலில், மிச்சம் ஒன்றிரண்டு வருடத்தில், அதுவும் வாடிக்கையாளர் தங்கினால் என்று கேட்பார்கள். மிச்சத் தொகையை லாபத்தோடு கட்டாதீர்கள். லாபத்தைக் குறைத்துக் காட்டுவது அவர் கையில் இருக்கிறது. குறிப்பிட்ட வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் பில் தொகையோடு கட்டினால் சரிபார்ப்பது எளிது. 1.48 கோடி தவணையில் என்பதைவிட 1.2 கோடி கையில் என்பது சிலருக்கு நல்லது. வயதும் உடல்நிலையும் இதில் ஒரு கணக்கு.

யாரை வைத்து மதிப்பிடுவது, எப்போது வெளியே சொல்வது?

ஒப்பந்தத் தொழில் கணக்குகளைப் பார்த்துப் பழகிய சி.ஏ. ஒருவர் போதும். கம்பெனிச் சட்டம் கேட்கும் இடங்களில் மட்டும் ஐபிபிஐ-யில் (இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம்) பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். உங்கள் வழக்கமான ஆடிட்டர் வரியைக் குறைத்தே பழகியவராக இருந்தால், லாபத்தைச் சரியாக எடுத்துக்காட்ட இன்னொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை.

வெளியே சொல்வதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். செய்தி கசிந்த வாரத்திலேயே சப்ளையர் கடன் நாளைக் குறைப்பார், போட்டியாளர் உங்கள் மேஸ்திரிக்குப் போன் போடுவார், ரிடென்ஷன் தர வேண்டியவர் இன்னும் ஒரு மாதம் இழுப்பார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் வாடிக்கையாளர் பெயர்களைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் முதலில் வாடிக்கையாளர் 1, வாடிக்கையாளர் 2 என்று எண் போட்டுக் கொடுங்கள். சதுர அடி ரேட்டை அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு காட்டினால் போதும்.